சித்திரை விடுமுறையில் மலைநாட்டு வார இறுதி: மழைக்கு முன் கிரிக்கெட், மழைக்குப் பின் பனிஸ்

சித்திரைப் புத்தாண்டு முடிந்து வரும் முதல் சனி, ஞாயிறு எங்கள் வீட்டில் பதினேழு பேர் இருப்பார்கள். கொழும்பிலிருந்து ஒரு குடும்பம், பண்டாரவளையிலிருந்து ஒரு குடும்பம், நாங்கள், அப்புறம் பக்கத்து லயத்துப் பிள்ளைகள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள். எங்கள் வீடு தலவாக்கலைக்குப் பக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஏழு வருடமாக இப்படிக் கூடுகிறோம். முதல் இரண்டு வருடம் பாதி ஆட்டத்தில் மழை வந்து, சமையல் பிந்தி, பிள்ளைகள் பசியில் அழுது, பெரியவர்கள் களைத்துப் போனோம். மூன்றாவது வருடம்தான் ஒரு விஷயம் புரிந்தது. இந்த மலையில் ஏப்ரல் மாதத்து நாளை மழைதான் இரண்டாகப் பிரிக்கிறது. காலையில் வெயில், பகல் இரண்டு மணிக்குப் பிறகு இடியும் மழையும். காலையை மைதானத்துக்கும் பின்னேரத்தை ஓவனுக்கும் கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

அந்த ஒழுங்கை வியாழன் முதல் ஞாயிறு வரை அப்படியே எழுதுகிறேன். நுவரெலியா, ஹட்டன், அப்புத்தளை, பதுளைப் பக்கம் இருப்பவர்கள் சின்ன மாற்றங்களோடு பின்பற்றலாம்.

ஒரு வாரத்துக்கு முன்

தோட்டத்து மைதானத்தில் விளையாடுவதென்றால் முதலில் தோட்ட அலுவலகத்திலோ, மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் கழகத்திலோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். புத்தாண்டுக் காலத்தில் அங்கே வேறு விளையாட்டுப் போட்டி வைத்திருக்கலாம். சனிக்கிழமை தோட்டத்தில் வேலை நாள், மைதானத்தை ஒட்டிய மலையில் அக்காமார் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் சனி பிள்ளைகளின் சின்ன ஆட்டம், ஞாயிறு எல்லோரும் சேரும் பெரிய ஆட்டம் என்று வையுங்கள். வேலைக்குப் போகும் நண்பர்களும் ஞாயிறு வர முடியும்.

கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள். பதினேழு பேருக்கு மூன்று நாள் சமைக்க, பாதி தீர்ந்த 12.5 கிலோ சிலிண்டரை நம்ப வேண்டாம். மாவு, பட்டர், முட்டை, ஈஸ்ட் எல்லாம் புத்தாண்டுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். புத்தாண்டை ஒட்டிய நாட்களில் டவுனில் பல கடைகள் பூட்டியிருக்கும். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போகும் வாகனங்களால் ரோடும் நிறைந்திருக்கும்.

கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்லி அனுப்புங்கள்: ஆளுக்கொரு சுவெட்டர், இரண்டு சோடி நீளக் காலுறை, ஒரு தொப்பி. தொப்பி எதற்கு என்று கேட்பார்கள். ஆயிரம் மீற்றர் ஏற ஏற வெயிலின் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. குளிர் காற்றில் சுடுவது தெரியாது, சாயங்காலம் பார்த்தால் பிள்ளைகளின் கன்னமும் கழுத்தும் சிவந்து எரியும். அவிசாவளை வழியாக வந்தால் கித்துல்கல தாண்டி கினிகத்தேனை வரை வளைவுகள். தலைசுற்றுகிற பிள்ளைகளை முன் சீற்றில் இருத்தி, வெறும் வயிற்றோடும் இல்லாமல் வயிறு நிறையவும் இல்லாமல் கூட்டி வரச் சொல்லுங்கள்.

வியாழன்: கேக்கை அன்றே போட்டுவிடுங்கள்

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டை, மச்சம் எதுவும் தொடுவதில்லை. மலையகத்தில் பல வீடுகளில் இதே வழக்கம். அதனால் பட்டர் கேக் வியாழன் இரவே ஓவனுக்குள் போய்விட வேண்டும். அதில் ஒரு நன்மையும் உண்டு. பட்டர் கேக் போட்ட அன்றைக்கு விட இரண்டாம், மூன்றாம் நாள்தான் ருசி.

கொழும்பில் ஒருவர் கொடுத்த அளவை அப்படியே எடுத்து இங்கே போட்டால் கேக் அழகாக எழும்பி, நடுவில் குழி விழும். இங்கே காற்றின் அழுத்தம் குறைவு. பேக்கிங் பவுடர் விடும் வாயு வேகமாக விரிந்து, மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே கேக்கைத் தூக்கிவிடுகிறது. தாங்க ஒன்றும் இல்லாததால் மறுபடி அமர்ந்துவிடும். ஈரமும் சீக்கிரம் ஆவியாகிறது. அதனால் மாவில் சீனியின் செறிவு கூடி, கேக் இன்னும் பலவீனமாகிறது. என் முதல் மூன்று கேக்கும் இப்படித்தான் போயின. நான் முட்டையைக் குறை சொன்னேன், ஓவனைக் குறை சொன்னேன். காரணம் நாங்கள் இருக்கும் உயரம்.

வழக்கமான அளவு 250 கிராம் பட்டர், 250 கிராம் சீனி, 250 கிராம் கோதுமை மா, 5 முட்டை, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 3 மேசைக்கரண்டி பால், வனிலா. தலவாக்கலை, ஹட்டன், பண்டாரவளை உயரத்துக்கு நான் மாற்றியது இது:

சீனி 225 கிராம்.
மா 250 கிராமோடு ஒரு மேசைக்கரண்டி கூட.
பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, தலை தட்டியது.
பால் 5 மேசைக்கரண்டி.
ஓவன் சூடு 175க்குப் பதில் 185 பாகை செல்சியஸ்.

நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே பேக்கிங் பவுடரை ஒன்றேகால் தேக்கரண்டியாக இன்னும் குறைத்து, பாலை ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கள்.

அடுத்த தொல்லை குளிர். பட்டர் இரவெல்லாம் வெளியே இருந்தாலும் கல் மாதிரி இருக்கும். அடுப்பில் உருக்கிவிடாதீர்கள், உருகிய பட்டரில் காற்று நிற்காது. சின்னத் துண்டுகளாக வெட்டிப் பாத்திரத்தில் போட்டு, அந்தப் பாத்திரத்தை இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும், வழுக்கக் கூடாது. முட்டைகளையும் ஓட்டோடு இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். குளிர்ந்த முட்டை பட்டரோடு சேராமல் திரிந்து போகும். திரிந்தால் பயப்பட வேண்டாம், அளந்து வைத்த மாவில் ஒரு கரண்டி எடுத்துச் சேர்த்து அடித்தால் கூடிவரும்.

பட்டரையும் சீனியையும் நிறம் வெளுக்கும் வரை அடியுங்கள். அதற்கு மேல் அடிப்பது இந்த உயரத்தில் கூடாது, உள்ளே நிற்கும் காற்றும் அதிகமாக விரியும். முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, கலந்தவுடன் நிறுத்துங்கள். சலித்த மாவையும் பாலையும் மாற்றி மாற்றிப் போட்டு அகப்பையால் மடித்துக் கலக்கவும். 8 அங்குலச் சதுரத் தட்டில் ஒயில் பேப்பர் போட்டு ஊற்றி, முதல் அரை மணி நேரம் ஓவன் கதவைத் திறக்கவே வேண்டாம். நாற்பதாவது நிமிடத்தில் ஒரு ஈர்க்கை நடுவில் குத்திப் பாருங்கள். ஈரமில்லாமல் வந்தால் எடுத்துவிடலாம். முழுதாக ஆறிய பிறகு ஒயில் பேப்பரில் சுற்றி டின்னில் அடைத்தால் இந்தக் குளிருக்கு ஞாயிறு வரை புதிதாக இருக்கும். நான் இரண்டு கேக் போடுவேன். ஒன்று ஞாயிறு தேத்தண்ணிக்கு, மற்றது வந்தவர்கள் கொண்டுபோக.

கரண்ட் போனால்? ஏப்ரல் இடிக்கு அது நடக்கும். கதவைத் திறக்காமல் விடுங்கள், உள்ளே இருக்கும் சூடு கொஞ்ச நேரம் தாங்கும். கால் மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் பெரும்பாலும் தப்பிவிடும். கேக் அமர்ந்துபோனால் துண்டு துண்டாக வெட்டி, சூடான கஸ்டர்ட் ஊற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். என் மகள் இன்றைக்கும் அதைத்தான் கேட்கிறாள்.

வெள்ளி: மைதானத்தைச் சுற்றி வாருங்கள்

விருந்தாளிகள் வந்து சேர இருட்டிவிடும். அதற்கு முன், வெளிச்சம் இருக்கும்போதே ஒரு பெரியவர் மைதானத்தை முழுதாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டியில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது குளவிக் கூடு. தேயிலை மலைகளில் குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். நிழல் மரக் கிளை, கல் இடுக்கு, மண் திட்டு, பழைய கட்டடத்தின் கூரை ஓரம் எல்லாம் பாருங்கள். கூடு இருந்தால் அந்தப் பக்கம் பந்து போகாதபடி ஆடுகளத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் தேடுங்கள். கல்லெறிந்து கலைக்கப் போக வேண்டாம். கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்குள் ஓடிக் கதவை அடைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பல இடத்தில் கொட்டியிருந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது கான், அதாவது தண்ணீர் ஓடும் வாய்க்கால். மைதான ஓரத்துக் கான்களைப் புல் மூடியிருக்கும், ஓடுகிற பிள்ளையின் கால் உள்ளே போய்விடும். கான் இருக்கும் இடமெல்லாம் ஒரு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள்.

இரவுக்குச் சோறு, பருப்பு, லீக்ஸ் வதக்கல், கரட் சம்பல் போதும். கடலை, கிழங்கு அவிக்க நேரம் கூட வையுங்கள். எங்கள் உயரத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால் வேகத் தாமதம். பிரஷர் குக்கர் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

சனி காலை: பிள்ளைகளின் ஆட்டம்

காலை ரொட்டியும் கட்டச் சம்பலும். எட்டரை வரை புல்லில் பனி இருக்கும். டென்னிஸ் பந்து அந்த ஈரத்தை உறிஞ்சிக் கனத்துவிடும், பிள்ளைகளுக்கு வீசவும் முடியாது, அடிக்கவும் முடியாது. ஒன்பதுக்குத் தொடங்குங்கள். குறைந்தது ஆறு பந்து வேண்டும். இரண்டு ஆட்டத்தில், இரண்டு துணியில் காய, இரண்டு தேயிலைக்குள் தொலைய.

நம் மைதானங்கள் பெரும்பாலும் சரிவானவை. சரிவின் மேலும் கீழுமாக ஆடுகளத்தைப் போட்டால் ஒரு அணிக்கு நாள் முழுக்க மலை ஏறுகிற வேலை. சரிவுக்குக் குறுக்கே, மட்டமாகப் போடுங்கள். முடிந்தால் வடக்குத் தெற்காக இருக்கட்டும், காலை வெயில் யாருடைய கண்ணிலும் நேராக விழாது. பெரியவர்களின் ஆடுகளம் 22 யார், அதாவது 20 மீற்றருக்குச் சற்று அதிகம். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு 16 யார் போதும். விக்கெட்டுக்குக் கம்பு இல்லையென்றால் பிஸ்கட் டின் வையுங்கள், பந்து பட்டால் சத்தம் கேட்கும், ‘அவுட்டா இல்லையா’ என்ற சண்டை வராது.

எங்கள் சட்டங்கள் இவை. அணிக்கு எட்டுப் பேர், ஆறு ஓவர். எல்லோரும் கட்டாயம் சில பந்தாவது வீச வேண்டும், பெண் பிள்ளைகளும் அம்மாமாரும் கூட. இருபது ஓட்டம் எடுத்தவர் அடுத்தவருக்கு பெட்டைக் கொடுத்துவிட வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே இருப்பவர் முதல் பந்தில் அவுட் ஆவதில்லை. தேயிலைக்குள் பந்து போனால் இரண்டு ஓட்டம்தான், சிக்ஸ் கிடையாது, அடித்தவரே போய் எடுத்து வர வேண்டும். லயத்துத் தகரத்தில் பட்டால் அவுட்.

தேயிலைச் சட்டத்தை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். நாலு பிள்ளைகள் பந்து தேடி மிதித்தால் அங்கே ஒடிவது நாளைக்குப் பக்கத்து வீட்டு அக்கா எடுக்க வேண்டிய கொழுந்து. அவருடைய நாள் சம்பளம் அந்தக் கொழுந்தின் நிறையில் இருக்கிறது. சிக்ஸ் இல்லையென்றால் அந்தப் பக்கம் ஓங்கி அடிக்கும் ஆசை தானாகக் குறைகிறது. தேடப் போகிறவர் செடி வரிசைக்கு நடுவில் நடந்து போய், அதே வழியில் திரும்பி வர வேண்டும்.

வந்தவுடன் கால்களைப் பாருங்கள், அட்டை ஏறியிருக்கும். இழுத்துப் பிய்க்க வேண்டாம். நகத்தை வாய்ப்பக்கம் வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விடும். காலுறையின் மேல் ஈரச் சவர்க்காரம் தேய்த்துவிட்டுப் போனால் ஏறுவதும் குறையும்.

ஆட்டத்துக்கு நடுவே தண்ணீர் குடிக்க உட்கார வைக்கும்போது, பிள்ளைகளுக்கு முத்தையா முரளிதரனின் கதையைச் சொல்வேன். அவர் 1972 ஏப்ரல் 17ஆம் திகதி கண்டியில் பிறந்தவர், எங்கள் வார இறுதி அவர் பிறந்த நாளை ஒட்டித்தான் வருகிறது. தாத்தா தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர், அப்பா பிஸ்கட் தொழில் செய்தவர். 2010இல் காலியில் தன் கடைசி டெஸ்டில், தான் வீசிய கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டை எடுத்தார். மலைநாட்டில், மாவும் சீனியும் அளக்கிற வீட்டிலிருந்து போன பிள்ளை என்று சொல்லும்போது லயத்துப் பையன்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எல்லோரும் சுழல் பந்துதான் போடுவார்கள். சின்ன மைதானத்துக்கு அதுவே நல்லது, பந்து தூரம் போகாது.

பன்னிரண்டரைக்கு ஆட்டத்தை நிறுத்துங்கள். அதற்கு முன்பே இடி கேட்டால் எண்ணத் தொடங்குங்கள். மின்னலைப் பார்த்து முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீற்றருக்குள் இருக்கிறது. எல்லோரும் வீட்டுக்குள் போக வேண்டும். ஸ்கோர் என்னவானாலும் சரி. மரத்தடியிலோ திறந்த கொட்டகையிலோ நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே விடுங்கள்.

சனி பின்னேரம்: மழையும் மீன் பனிஸும்

மைதானத்திலிருந்து வந்தவுடன், கை கழுவி, சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே மாவைப் பிசைந்துவிடுங்கள். நாம் சாப்பிடும் நேரத்தில் அது பொங்கும். முப்பது பனிஸுக்கு 1 கிலோ கோதுமை மா, 3 தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 4 மேசைக்கரண்டி சீனி, இரண்டரைத் தேக்கரண்டி உப்பு, 100 கிராம் பட்டர், 550 முதல் 600 மில்லிலீற்றர் வரை வெதுவெதுப்பான பால். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பத்து நிமிடம் நன்றாக இழுத்து மடித்துப் பிசைந்தால் மாவு ஒட்டாமல் பளபளவென்று வரும்.

எங்கள் சமையலறை குளிரில் ஈஸ்ட் சோம்பிப் போகும். ஆனால் சூடு கிடைத்துவிட்டால் இந்த உயரத்தில் வேகமாகப் பொங்கும். அதனால் மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். சோறு வெந்த அடுப்புக்குப் பக்கத்தில் ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். இரண்டு மடங்கானதும் ஒரு குத்து விட்டுக் காற்றை எடுத்துவிடுங்கள். மிஞ்சிப் பொங்கினால் பனிஸில் புளிப்பு வாசம் வரும்.

உள்ளே வைப்பதைப் பெரியவர்கள் செய்துவிடுங்கள். 425 கிராம் டின் மீன் இரண்டு, தண்ணீரை வடித்து முள் எடுத்தது. முக்கால் கிலோ உருளைக்கிழங்கு அவித்து மசித்தது. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, மிளகுத் தூளும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து ஈரமில்லாமல் கிளறி எடுக்க வேண்டும். ஈரமிருந்தால் பனிஸ் அடியில் பிசுபிசுக்கும். மீன் சாப்பிடாதவர்களுக்குக் கிழங்கு மட்டும் தனியாக வையுங்கள். மீன் பனிஸ் கடையில் போல முக்கோணம், கிழங்கு பனிஸ் உருண்டை. வடிவத்தைப் பார்த்தே யாரும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போதுதான் பிள்ளைகள் வர வேண்டும். பிசைவதிலிருந்தே எல்லோரையும் சேர்த்தால் சமையலறை தாங்காது. பெரிய பிள்ளைகள் மாவைப் பெரிய எலுமிச்சை அளவு உருட்டித் தட்டட்டும், நடுப் பிள்ளைகள் உள்ளே வைத்து மூன்று பக்கமும் மடித்து ஒட்டட்டும், குட்டிப் பிள்ளைகள் அடித்த முட்டையைத் தூரிகையால் பூசட்டும். ஓவன் பக்கம் ஒரே ஒரு பெரியவர். எங்கள் வீட்டில் அது பண்டாரவளை அத்தை. அவர் எழும்பினால்தான் இன்னொருவர் அந்த இடத்தில் உட்காரலாம்.

ஒட்டிய பக்கம் அடியில் வரும்படி தட்டில் வைத்து அரை மணி நேரம் விட்டு, 190 பாகையில் பதினெட்டு முதல் இருபது நிமிடம் வைத்தால் பொன்னிறமாக வரும். ஓவன் ஓடும்போது மின்சாரக் கேத்தலைப் போட வேண்டாம், இரண்டும் சேர்ந்து இழுத்தால் ட்ரிப் சுவிட்ச் விழும். தேத்தண்ணிக்குக் கேஸில் தண்ணீர் வையுங்கள். மழை தகரத்தில் கொட்டும்போது முதல் தட்டு வெளியே வரும். அதை அப்படியே லயத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். எங்களுக்கு இரண்டாவது தட்டு.

ஞாயிறு: பெரிய ஆட்டமும் புறப்பாடும்

சட்டம் அதேதான், ஓவர் மட்டும் எட்டு. அணி பிரிக்கும்போது குடும்பத்துக்குக் குடும்பம் என்று பிரிக்காதீர்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி மறுபக்கம். அண்ணன் ஒரு பக்கம், தங்கை மறுபக்கம். கொழும்புப் பையன் லயத்துப் பையனோடு சேர்ந்து துடுப்பெடுத்தாட வேண்டும். ஒரே ஓட்டத்துக்காக இரண்டு பேரும் கத்திக்கொண்டு ஓடிய பிறகு யாரும் யாருக்கும் புதியவர் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் முதல் வருடம் தயங்கி வேலி ஓரத்தில் நின்றார். என் மகள் போய், ‘அண்ணே, எங்களுக்கு ஒரு ஆள் குறையுது, வாங்க’ என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இப்போது மைதானத்துக்குத் துணி கட்டுகிறவரும் அவர்தான்.

ஞாயிறு சமையலுக்கு யாரையும் வீட்டில் கட்டிப்போட வேண்டாம். கோழிக் கறியைச் சனி இரவே வைத்துவிடுங்கள், காலையில் சோறும் பருப்பும் மட்டும். பன்னிரண்டுக்கு ஆட்டம் முடிந்து, ஒரு மணிக்குச் சாப்பாடு, உடனே தேத்தண்ணியும் கேக்கும். கொழும்புக்குப் போகிறவர்கள் இரண்டு மணிக்குள் வண்டி ஏறினால் கினிகத்தேனை வளைவுகளை மழை பெலக்கும் முன் தாண்டலாம். இரண்டாவது கேக்கைத் துண்டு போடாமல் முழுதாகக் கட்டிக் கொடுங்கள். துண்டு போட்டால் கித்துல்கல வருவதற்குள் காய்ந்துவிடும். மிஞ்சிய பனிஸை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிள்ளைகள் அவிசாவளையில் கேட்பார்கள்.